பிரமுவுக்குக் கொடுத்த கிழங்கு

பையின் முடிச்சை அவிழ்த்து உள்ளே கையை விட்டதும் சங்கரவடிவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிறுவள்ளிக்கிழங்கு. பொங்கலுக்குத் தம்பி அம்பாசமுத்திரத்திலிருந்து கொடுத்தனுப்பியதில் மிச்சம், மேலெல்லாம் மீசை மீசையாக வேரும் காய்ந்த செம்மண்ணும். நல்ல கூத்து, வேகவைத்துத் தின்கிற சாமானை இந்தப் பூங்காவின் பின்சுவர் ஓரமாகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, கார்த்திகையில் செங்காந்தள் பூக்கும் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேனே, பூங்காக் குழு ரெஜினாவிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பாள் என்று நினைத்து நிமிர்ந்தவளுக்கு, அப்படியானால் செங்காந்தள் கிழங்கு எங்கே என்ற கேள்வி அப்புறமாகத்தான் வந்தது. கேள்வி வந்தபோது சிரிப்பு இன்னும் வாயிலேயே இருந்தது. செங்காந்தள் கிழங்கு ஓரகத்தி பிரமுவிடம் இருந்தது. கொஞ்சம் முன்னால் வேப்பமரத்தடி பெஞ்சுக்குக் கீழிருந்து பையை எடுத்து, வடிவுதான் தன் கையாலேயே கொடுத்தாள். கொடுத்ததோடு விட்டாளா? “உப்புப் போட்டு வேகவச்சு அத்தானுக்கும் குடுங்கக்கா, மாவு மாதிரி இருக்கும்” என்று வாயாலும் சொன்னாள்.

செங்காந்தள் கொடிக்கு அடியில் இருப்பது கலப்பைக்கிழங்கு. ஏர்க்கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கையோடு இருக்கும், அந்த உருவத்தோடு இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள், சின்னப்பிள்ளை கூட இது என்ன என்று கேட்கும். ஆனால் நேற்றுச் சாயங்காலம் வடிவு தன் வீட்டு வேலியோரம் தோண்டி எடுத்து, நடுவதற்குத் தோதாக ஒவ்வொன்றையும் வளைவில் ஒடித்து இரண்டு இரண்டாக ஆக்கிவிட்டாள். முனையை மட்டும் ஒடித்துவிடக் கூடாது, முளை அங்கேதான் வரும் என்று பார்த்துப் பார்த்து ஒடித்தாள். ஒடித்த பிறகு அது விரல் நீளத்தில் நேராக, மண் அப்பிக்கொண்டு, பார்க்கச் சிறுவள்ளி மாதிரியே இருந்தது. இருக்கிறதே என்று நேற்றே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதா, இல்லை இப்போது தோன்றுவதை நேற்றுக்குக் கொண்டுபோய் வைக்கிறேனா? அதில் ஒன்று போதும் என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். தொண்டை எரியும், வாந்தி நிற்காது, அதற்குமேல் சொல்லவேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். அந்தக் கிழங்கைப் பூங்காவில் நடலாமா கூடாதா என்று பெரிய சண்டையே நடந்து, கடைசியில் பிள்ளைகள் வராத பின்சுவர் ஓரம், கம்பிவேலிக்கு அந்தப்புறம், ‘கிழங்கு நஞ்சு, தொடாதீர்’ என்று பலகையும் வைத்து நடலாம் என்று முடிவானது. பலகை கூட எழுதி வந்துவிட்டது. இதோ சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. பலகை இங்கே இருக்க, கிழங்கு பிரமுவின் அடுக்களைக்குப் போய்விட்டது.

எல்லாம் இந்தப் பையால் வந்தது. ரெஜினா பாங்கு வேலையை முடித்துவிட்டுச் சாயங்காலங்களில் மிஷினில் உட்கார்ந்து, பழைய திரைச்சீலைத் துணியில் குழுவில் எல்லாருக்கும் ஒரே அளவில், ஒரே காவி நிறத்தில், ஒரு மூலையில் தும்பைப்பூ அச்சு வைத்துத் தைத்துக் கொடுத்த பை. விதையா, நாற்றா, கிழங்கா, எல்லாம் அதில்தான் வரவேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெஞ்சைப் பார்த்தால் ரேஷன் கடை வாசல் மாதிரி ஒரே பையாகக் கிடக்கும். ஆவாரை விதை கொண்டுவந்தவர் கொழுஞ்சி விதையோடு போவார், விஷ்ணுகிராந்தி நாற்று கேட்டவருக்குக் கறிவேப்பிலைக் கன்று கிடைக்கும், அதற்கென்று ஒருத்தரும் கோபித்துக்கொண்டது கிடையாது. பாளையங்கோட்டையில் இந்தக் காலனிக்காரர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்காத நாள் இல்லை. ஊரெல்லாம் களையைப் பிடுங்கும், இவங்க களையை நட்டுத் தண்ணி ஊத்துறாங்கப்பா என்று நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லட்டுமே. போன மழைக்கு நட்ட தும்பை இப்போது பாத்தி பூராவும் வெள்ளைவெள்ளையாகப் பூத்து நிற்க, அதே ஆட்கள் பேத்தியைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். வடிவுக்கு அதில் சொல்லமுடியாத பெருமை இருந்தது. இப்போது அந்தப் பெருமையெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இனி இந்தப் பூங்காவை ஊர் எதைச் சொல்லி நினைக்கும்? ஓரகத்திக்கு விஷம் வைத்தாளே ஒருத்தி, அவள் பூ நட்ட பூங்கா.

எழுந்தாள். கையில் மண். மண்கையோடு போனைத் தடவினால் அது எந்த எண்ணுக்கோ போயிற்று. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். பிரமுவின் எண் அவளிடம் இல்லை. இருந்தது, என்றோ அழித்துவிட்டாள், அழித்ததோடு இல்லாமல் அழித்தேன் என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். பூங்காக் குழுவின் வாட்ஸப்பில் தேடி எடுத்து அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. என் எண் என்று தெரிந்து எடுக்கவில்லையா? எடுக்கமுடியாமல் கிடக்கிறாளா? சேச்சே, போய் எவ்வளவு நேரமாகியிருக்கும், கிழங்கைக் கழுவவே நேரம் சரியாக இருக்கும். ரெஜினா உரம் வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுக்கு அடித்தபோது நல்லவேளை எடுத்தாள். “ரெஜினா, பை மாறிப்போச்சு.” “மாறட்டும்க்கா, அடுத்த வாரம் மாத்திக்கிடலாம்.” “கலப்பைக்கிழங்கு பிரமுக்கா வீட்டுக்குப் போயிட்டு. சிறுவள்ளின்னு சொல்லிக் குடுத்துட்டேன்.” அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. பிறகு, “அக்கா, நீங்க ஓடுங்க. இப்பவே ஓடுங்க. நான் அவங்களுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன். கிழங்கை வாயில வைக்கக் கூடாதுன்னு மெசேஜும் போடுதேன்” என்றாள். அவள் குரலும் நடுங்கியது. அது நடுங்காமல் இருந்திருந்தால் வடிவுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

பூங்காவின் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தாள், நடை பாதி ஓட்டம் பாதியாக, சிறுவள்ளிப் பையை ஏனோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம். போட மனம் வரவில்லை, கையில் இது இருந்தால்தான் நான் கொடுக்க நினைத்தது இதைத்தான் என்று காட்டமுடியும் என்று ஏதோ ஒரு மூலையில் புத்தி வேலை செய்தது. யாரிடம் காட்ட? போலீஸிடமா? ஆமாம் சார், இரண்டு பை இருந்தது சார், வலதுபக்கம் இருந்தது கிழங்கு, இடதுபக்கம் இருந்ததும் கிழங்கு. உங்களுக்கும் இறந்துபோனவருக்கும் முன்பகை உண்டா? உண்டு சார். ஊருக்கே தெரியும் சார். சீ, இறந்துபோனவராம், என்ன வார்த்தை இது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாக்கு என்றதும் அது வந்து நின்றது, இத்தனை நேரமும் அவள் பார்க்காமல் தாண்டித் தாண்டி வந்தது. உன் நாக்கு அழுகித்தான் போகும் என்று பிரமுவைப் பார்த்து அவள்தான் சொன்னாள். பந்தல் போட்ட வாசலில் நின்று, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால், இரண்டு கையையும் தூக்கிச் சொன்னாள்.

மகள் நாச்சியாருக்கு நிச்சயம் நடக்கவிருந்த நாள் அது. நல்ல இடம், தென்காசிக்காரர்கள், பையன் கண்ணுக்கு லட்சணமாக இருந்தான். தாம்பூலத் தட்டு மாறப்போகிற நேரத்தில் பையனின் அம்மா அடுக்களைப் பக்கம் வந்து, பிள்ளைக்குச் சின்ன வயசிலே ஏதும் சீக்கு உண்டுமா என்று பேச்சுவாக்கில் கேட்க, பிரமு பாயசத்தைக் கிண்டிக்கொண்டே, காய்ச்சல் வந்தா வெட்டு வரும், வளந்த பிறகு இல்ல என்று சொல்லிவிட்டாள். உள்ளதுதான். கைக்குழந்தையாய் இருந்தபோது காய்ச்சலில் வந்த வலிப்புதான், எத்தனையோ பிள்ளைகளுக்கு வருவதுதான். ஆனால் அதை அந்த நேரத்தில் அந்த அம்மாளிடம் சொல்லவேண்டுமா? வந்தவர்கள் பாயசம் குடிக்காமலே எழுந்து போனார்கள். நாச்சியாருக்குப் பிறகு வேறு நல்ல இடத்தில் அமைந்து, இப்போது ஓசூரில் ஒரு பையனும் பெண்ணுமாக இருக்கிறாள், அதுவும் கோபத்தைக் குறைக்கவில்லை. நன்றாக இருக்கிறாள் என்பதற்காக அன்றைக்கு அந்தப் பிள்ளை பட்டுச்சேலையோடு குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுதது இல்லை என்று ஆகிவிடுமா? வடிவு அன்று சொன்ன சொல்லை ஒருநாளும் திரும்ப எடுக்க நினைத்ததில்லை. சில ராத்திரிகளில் அதை மறுபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டதும் உண்டு. அழுகட்டும். அழுகணும். சொல்லிச் சொல்லி அது நிறம் போன பாத்திரம் மாதிரி ஆகியிருந்தது, புழங்கும், ஆனால் பார்க்கமாட்டோம். இன்றைக்குத்தான் அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரிகிறது. தொண்டை எரியும், வாந்தி நிற்காது.

கை தெரிந்தே எடுத்ததா? இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை, அதுவாக வந்தது, முனை திரும்பும் இடத்தில் தண்ணீர் லாரிக்கு வழிவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றபோது வந்தது. லாரிக்காரன் நிதானமாகப் பின்னால் எடுத்தான், குடத்தோடு பெண்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தி “என்ன வடிவுக்கா, மண்ணும் கையுமா?” என்று கேட்டாள். வடிவு ஏதோ சொன்னாள். வேப்பமரத்துப் பெஞ்சு. வரும்போது இரண்டு பையையும் பிரித்துத்தான் வைத்தாள். சிறுவள்ளி பெஞ்சின் மேல், கலப்பைக்கிழங்கு கீழே, தின்பதையும் நஞ்சையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படி வைத்தாள், அவ்வளவு யோசனை இருந்திருக்கிறது. பிறகு யாரோ உட்காரவேண்டும் என்று மேலே இருந்ததைக் கீழே வைத்தார்கள். இல்லை, அவளேதான் கீழே வைத்தாள். பிரமு கிளம்பும்போது, அத்தானுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வைக்கணும் என்று ரெஜினாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பும்போது, கொடுப்போமா வேண்டாமா, கொடுத்தால் முகத்தில் எறிவாளோ என்று நினைத்துக்கொண்டே குனிந்து கையில் அகப்பட்ட பையை எடுத்தாள். தடவிப் பார்த்தாள். கிழங்குதான் என்று தெரிந்தது. எந்தக் கிழங்கு என்று அவிழ்த்துப் பார்த்திருக்கலாமே? ஏன் பார்க்கவில்லை? அவசரம். பயம். அவ்வளவுதானா? அதற்குக் கீழே ஒன்றும் இல்லையா? கை அதுபாட்டுக்கு ஒன்றை நினைத்து வைத்திருக்குமா, இத்தனை வருஷமாக ராத்திரியில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக் கேட்டு? இல்லை. சத்தியமாக இல்லை. நிச்சயமாக இல்லையா? லாரி நகர்ந்தது. அவள் நடந்தாள். நடக்கிற வழியில் ஒரு காம்பவுண்டுச் சுவரடியில் பார்த்தீனியம் பூத்து நிற்க, பழக்கத்தில் கை நீண்டு வேரோடு பிடுங்கிவிட்டது. பிடுங்கிய செடியைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அங்கே ஒரு உயிர் கிடந்து துடிக்குமோ என்னவோ, இங்கே இவளுக்குக் களையெடுப்பு. ஆனால் அந்தச் செடியைத் தூக்கி எறிந்தபோது ஒன்று தெளிவாயிற்று, இந்தக் கை தனக்குப் பழகியதைச் செய்கிற கை, அவ்வளவுதான். விஷம் வைக்க அது பழகவில்லை. அந்தத் தெளிவு அடுத்த விளக்குக்கம்பம் வரைக்கும் இருந்தது.

ஏன் கொடுத்தாள்? அதையும் சொல்லவேண்டும், யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். முள்ளுக்காகக் கொடுத்தாள். பிரமுவும் அத்தானும் இந்தக் காலனிக்குக் குடிவந்து, பிரமு பூங்காக் குழுவிலும் வந்து சேர்ந்தபோது, பூமியில் வேறு பூங்காவே இல்லையா இவளுக்கு என்று வடிவு நின்றுவிடப் பார்த்தாள். ரெஜினாதான் விடவில்லை. இவள் பாத்தியின் இந்த முனை, அவள் அந்த முனை. மண்வெட்டி வேண்டுமென்றால் கூட, “ரெஜினா, அவங்ககிட்ட இருக்கது முடிஞ்சிட்டான்னு கேளு” என்பாள். ரெஜினா இரண்டு எட்டில் நிற்கிற பிரமுவிடம் திரும்பி, “அக்கா, முடிஞ்சிட்டான்னு கேக்காங்க” என்பாள். மொத்தக் குழுவும் மண்ணைப் பார்த்துக்கொண்டு சிரிக்கும். போன வாரம் வடிவு வெறுங்காலோடு நெருஞ்சியை மிதித்துவிட்டாள். ஒன்றல்ல, கொத்தாக. அம்மா என்று உட்கார்ந்தவளின் காலை யாரோ எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலை ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள், குனிந்த தலையின் வகிடு தெரிந்தது, நரைத்த வகிடு, அதில் பழைய தழும்பு ஒன்று. அந்தத் தழும்பை வடிவுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டு உத்திரத்தில் பிரமு இடித்துக்கொண்டபோது மஞ்சள் அப்பியது இவள்தான். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டுதான், பின்கட்டில் உட்கார்ந்து, மாமியார் காதில் விழாமல் சிரிக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தின்பார்கள். கிழங்கு என்றால் பிரமுவுக்கு உயிர். சூடு ஆறவிடமாட்டாள், உரித்தவுடன் வாயில் போட்டு, ஹா ஹா என்று வாயைத் திறந்து ஊதிக்கொண்டே தின்பாள். முள் எடுத்து முடித்ததும் பிரமு காலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் முனைக்குப் போய்விட்டாள். அதற்குத்தான் கிழங்கு. கிழங்கைப் பார்த்ததும் ஆறவிடாமல் தின்பாளே! ஐயோ, ஆறவிடாமல் தின்பாளே. வடிவு ஓட ஆரம்பித்தாள், வயதுக்கும் முட்டிக்கும் அடங்காத ஓட்டம், செருப்பு ஒன்று கழன்று போனதைத் திரும்பி எடுக்கவில்லை. அந்த நாக்குக்கு ஒன்றும் ஆகக் கூடாது. எந்தச் சாமியிடம் சொல்வதென்று தெரியாமல் எல்லாச் சாமியிடமும் சொன்னாள். நான் சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொண்டேன், அந்த நாக்கு யாரைப் பேசினாலும் பேசட்டும், என்னைப் பேசட்டும், என் மகளைப் பேசட்டும், அது அங்கே வாய்க்குள் சிவப்பாக, ஈரமாக, பேசிக்கொண்டு இருந்தால் போதும்.

பிரமுவின் வீட்டுக் கேட் திறந்தே கிடந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனபோதே குக்கர் விசில் கேட்டது. வேகிறது. இன்னும் தின்னவில்லை, வேகிறது. முன்னறையில் அத்தான் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் வாசல்படி மிதிக்காத தம்பி பெண்டாட்டி ஒற்றைச் செருப்போடு வந்து நிற்பதைப் பார்த்துப் பேப்பரைக் கீழே போட்டார். “வாம்மா வடிவு, என்ன இப்படி...” அவருக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் நேராக அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். குக்கர் மீது கையை வைத்துச் சுட்டுக்கொண்டாள். “பிரமு குளிக்காம்மா” என்று அத்தான் பின்னாலேயே வந்தார். “அத்தான், கிழங்கு சாப்பிட்டீங்களா?” “என்ன கிழங்கு?” “அக்கா சாப்பிட்டாளா?” “கிழங்கு எங்க கெடக்கு? பருப்பு வேகுது.” அதற்குள் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு, தலையில் துண்டைச் சுற்றியபடி பிரமு வந்தாள். முகத்தில் மஞ்சள் ஈரம் காயவில்லை. நன்றாக இருந்தாள். அப்படி ஒரு நன்றாக இருக்கிற முகத்தை வடிவு தன் ஆயுளில் பார்த்ததில்லை.

“என்னளா?” என்றாள் பிரமு. அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அது.

“யக்கா, அந்தக் கிழங்கு... நான் குடுத்த பை எங்க?”

“ஏன், திருப்பிக் கேக்க வந்தியோ?”

“அது சிறுவள்ளி இல்லக்கா. கலப்பைக்கிழங்கு. மாத்திக் குடுத்துட்டேன். எங்க இருக்கு?”

பிரமு தலைத்துண்டை இறுக்கிக் கட்டினாள். பிறகு வாசல் பக்கம் தாடையை நீட்டிக் காட்டினாள். கேட்டுக்குப் பக்கத்தில், கரண்டு மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த ஆணியில் காவி நிறப் பை முடிச்சுக்கூட அவிழாமல் தொங்கியது. அதைத் தோளால் இடித்துக்கொண்டுதான் வடிவு உள்ளே ஓடிவந்திருக்கிறாள்.

“நீ குடுத்ததை நான் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வருவேன்னா நெனச்ச?” என்றாள் பிரமு. “பால்காரன் வந்தா மாட்டுக்குப் போடச் சொல்லலாம்னு வாசல்லயே மாட்டிட்டேன். நாக்கு அழுகிப் போகும்னு சொன்னவ கிழங்கைக் கொண்டுவந்து நீட்டுதா, உடனே வாங்கித் தின்ன எனக்கென்ன ரெண்டு நாக்கா இருக்கு?”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது, அழுகையையும் அடக்கவில்லை. பிரமு தன்னை நம்பவில்லை. இத்தனை வருஷமும் நம்பவில்லை, முள் எடுத்த பிறகும் நம்பவில்லை, கொடுத்ததை மாட்டுக்குப் போட எடுத்துவைத்தாள். அதற்காக இப்போது அவள் காலைப் பிடித்துக் கும்பிடலாம் போல இருந்தது. கோபமில்லாத ஒருத்தி என்றால் இந்நேரம் தின்று முடித்திருப்பாள். உடம்பிலிருந்து ஏதோ ஒரு பாரம் மளமளவென்று இறங்கிக்கொண்டே இருந்தது, அது இன்றைக்கு ஏறிய பாரம் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. அத்தான் ஒன்றும் புரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். உள்ளறையில் சார்ஜில் கிடந்த போன் மறுபடி அடித்தது. “ரெஜினாதான். எடுத்து ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க அத்தான், பாவம் பதறிக்கிட்டு இருப்பா” என்றாள் வடிவு. அவர் போனார். பிரமு வாசலுக்குப் போய், ஆணியில் தொங்கிய பையை ஒரு குச்சியால் எடுத்துக் கேட்டுக்கு வெளியே உயரமான தூணின்மேல் வைத்துவிட்டு, மாட்டுக்கும் எட்டாதென்று நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டு வந்தாள்.

“பால்காரன் மாடு என்ன பாவம் பண்ணிச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு வடிவு இன்னும் அணைத்துக்கொண்டிருந்த பையைப் பார்த்தாள். “அது என்னது?”

“இதுதான் சிறுவள்ளி. தம்பி குடுத்துவிட்டது.”

“நெசமாவா?”

வடிவு ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் தோலைக் கீறிக் காட்டினாள். உள்ளே வெள்ளையாக, வழுவழுவென்று, பசையாக இருந்தது. பிரமு குனிந்து முகர்ந்து பார்த்தாள். பையை வாங்கித் தொட்டியில் கொட்டி, குழாயைத் திறந்து, தேங்காய் நாரால் மண்ணும் மீசையும் போகத் தேய்த்தாள். வடிவு எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று தேய்த்ததை அலசி எடுத்தாள். பருப்பை இறக்கிவிட்டு அந்த அடுப்பிலேயே கிழங்கு ஏறியது. வெந்துகொண்டிருக்கும்போது அந்த மண்வாசனை அடுக்களை முழுக்கப் பரவியது, பழைய பின்கட்டு வாசனை. பிரமு அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “ஓசூர்ல உம்மவ சுகமா இருக்காளா?” என்று கேட்டாள். “சுகமா இருக்கா.” “பிள்ளைக?” “இருக்குதுக. சின்னது உங்களை மாதிரியே வாய்.” பிரமு கரண்டியை எடுத்தாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி அதே இடத்தில் வைத்தாள். “அன்னைக்கு அந்தம்மா கேட்டா. கேட்டதும் வாயில வந்துட்டு. சொல்லிருக்க வேண்டாம்” என்றாள். எத்தனையோ ராத்திரிகள் வடிவு இந்த இடத்துக்கு என்று பதில்கள் தயார்செய்து வைத்திருந்தாள், ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. “நானும் சொல்லிருக்கக் கூடாதுக்கா” என்றாள். அதற்குமேல் அதைப் பேச ஒன்றும் இல்லை.

கிழங்கு வெந்ததும் பிரமு தண்ணீரை வடித்து, ஒரே தட்டில் கொட்டி, தரையில் வைத்து உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து உரித்து வடிவிடம் நீட்டினாள். “முதல்ல நீ தின்னு.”

நியாயம்தான். வடிவு வாங்கினாள். வாயருகே கொண்டுபோகும்போது ஒரு நொடி அவளுக்கே சந்தேகம் வந்தது, கீறிப் பார்த்தது, முகர்ந்தது எல்லாம் பொய்யோ என்று ஒரு நொடி, பிறகு முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். சூடு. கண்ணில் தண்ணீர் வந்தது. மாவாகக் கரைந்தது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்தே காட்டினாள். பிரமு இன்னொன்றை எடுத்து உரித்தாள். ஆறவிடவில்லை. அப்படியே போட்டுக்கொண்டு, ஹா ஹா என்று வாயைத் திறந்து ஊதினாள். உள்ளே அந்த நாக்கு கிழங்கை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் புரட்டிக்கொண்டிருந்தது, சிவப்பாக, ஈரமாக. வடிவு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்புப் பத்தல” என்றாள் பிரமு. உப்புப் போட்டது அவள்தான்.

“பத்தலதான்க்கா” என்று சொல்லி, வடிவு அடுத்த கிழங்கை உரித்து அவளிடம் கொடுத்தாள்.